மருமவனுக்கு ஒரு மாத்து ட்ரம்பெட்

மருமவனே, ரெண்டாவதா ஒரு ட்ரம்பெட் வாங்கப் போறியாம்லா. ரொம்ப சந்தோசம். மொத ட்ரம்பெட்டையே முழுசா ஊதி முடிச்சிட்டன்னு ஊருக்குள்ள பேச்சு ஒண்ணும் அடிபடல. போட்டும், எனக்குத்தான் இப்ப காது சரியா கேக்கதில்லையே.

நீ போன்ல காட்டுன படத்தையும் பாத்தேன். நல்ல ஊதாக் கலரு. பொட்டிக்குள்ள வெள்ளக் கையுறை ஒரு சோடி, தொடைக்கத் துணி, எண்ணெ சீசா, தோள்ல மாட்ட வாரு. கல்யாணம், கச்சேரி, கோயில், பள்ளிக்கூடம் அத்தனைக்கும் ஏத்ததுன்னு கீழ எழுதியும் போட்டிருக்கான். வெலையப் பாத்தா போன கிறிஸ்மஸுக்கு நீ தச்ச கோட்டு சூட்ட விடக் கம்மி. எனக்கு அந்தக் கையுறைதான் ரொம்பப் புடிச்சிது. சாயம் ஒன் கையில ஒட்டிரக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை பாரு அவனுக்கு.

மாத்து வேணும்ங்கதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. மோசேகிட்ட ஆண்டவர் எக்காளம் செய்யச் சொன்னப்பவே ரெண்டாத்தான் செய்யச் சொன்னாரு. எண்ணாகமம் பத்தாம் அதிகாரம். ஐயரு பிரசங்கம் பண்ணுனப்ப நீ வாசல்ல நின்னு போனு பேசிக்கிட்டிருந்திருப்ப. வெள்ளியில ரெண்டு எக்காளம். ஒண்ண மட்டும் ஊதுனா தலைவருமாரு வரணும், ரெண்டையும் ஊதுனா சபையே கூடணும். எகிப்துல தூத்தங்காமன் ராசாவோட கல்லறைய 1922ல கண்டுபுடிச்சாவள்லா, அதுக்குள்ளயும் ரெண்டு எக்காளம் கெடந்திச்சு. ஒண்ணு வெள்ளி, இன்னொண்ணு செம்புக் கலவை. செத்த ராசாவே மாத்து இல்லாமப் போகல. 1939ல பிபிசிக்காரன் அதுகள ஊத வச்சு ரேடியோவுல ஒலகத்துக்கே கேக்கப் போட்டான். 2011ல கெய்ரோவுல கலவரம் நடந்தப்ப செம்பு எக்காளத்த மியூசியத்துல இருந்து களவாண்டுட்டானுவ; பொறவு திரும்பக் கெடச்சிது. மூவாயிரம் வருசத்துப் பழைய எக்காளத்தையே தூக்கிட்டுப் போக ஆளு இருக்கான். நீ என்னடான்னா மண்டபத்துல பொட்டியத் தொறந்து போட்டுட்டு மொதப் பந்திக்கு ஓடுத.

ஆக, மாத்து வேணும். எதுக்கு வேணும்ங்கத மட்டும் நீ யோசிக்கவே இல்ல. ஒன் ட்ரம்பெட் எங்கெங்க போகுதுன்னு எண்ணிப் பாரு. காலையில ஒரு துட்டி வீடு. சாயங்காலம் மாப்பிள்ள அழைப்பு. மறுநாள் சடங்கு வீடு, அதுக்கு மறுநாள் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டியல், சப்பரம், அசனம். கொடைக்கு நம்மளக் கூப்புட மாட்டாவ. அங்க நையாண்டி மேளம் இருக்கு, அதுவும் நல்லதுக்குத்தான், என்னைய மாதிரி ஆளுவளுக்கு ஒரு ராத்திரியாவது ஒறக்கம் வேணும்லா. இத்தனை எடத்துலயும் கூட்டம். ஒருத்தன் ஆடிக்கிட்டே வந்து முட்டுவான், பெல்லு நெளியும். வியர்வ எறங்கும், தூசி ஏறும், பிஸ்டன் நடுவழியில நின்னுக்கிடும். பொண்ணு வீட்டு வாசலுக்கும் மாப்பிள்ள காருக்கும் நடுவுல பாட்டு நின்னா யாரையும் கேக்க மாட்டாவ, ஒன்னையத்தான் பாப்பாவ.

விழுந்தா என்ன, அமெரிக்க ஜாஸ்காரரு டிஸ்ஸி கில்லெஸ்பி ட்ரம்பெட்டும் விழுந்திச்சேன்னு நீ சொல்லுவ. சொல்லு. 1953 சனவரியில, அவரு பொண்டாட்டி பொறந்தநாளுக்கு நியூயார்க்குல ஒரு விருந்து. எவனோ தடுக்கி அவரு ட்ரம்பெட் மேல விழுந்து பெல்லு மேல பாத்து வளஞ்சி போச்சு. அவரு அதையும் ஊதிப் பாத்தாரு, சத்தம் அவரு காதுக்கே நல்லா வந்து சேருதுன்னு புடிச்சிப் போயி, பொறவு அதே கணக்குல வளச்சுச் செய்யச் சொல்லி வாங்கிக்கிட்டாரு. அது டிஸ்ஸி. ஒன் ட்ரம்பெட் வளஞ்சா டிங்கரிங் செலவு, அவ்வளவுதான் கத.

லாரிக்காரன் ஸ்டெப்னிய எப்படி எடுக்கான்? அழகாவா இருக்குன்னு பாக்கான்? அதே அளவு, அதே போல்ட்டு ஓட்ட, நடுராத்திரியில இருட்டுல மாட்டுனாலும் ஒக்காரணும், அம்புட்டுத்தான். மாத்து ட்ரம்பெட்டும் அதுதான். மொத ட்ரம்பெட் பி-பிளாட்டுன்னா இதுவும் பி-பிளாட்டு. மொத ட்ரம்பெட்டுல உள்ள மவுத்பீஸ உருவி இதுல சொருகுனா ஆடாம அசையாம நிக்கணும். மூணாவது ஸ்லைடு வளையம் ஒன் மோதிர வெரலு தேடாம சிக்குத எடத்துல இருக்கணும். ஊதும்போது ஏறக்குறைய அதே மூச்ச வாங்கணும். ஒரு பாட்டுல சரணம் ஆரம்பிக்கதுக்குள்ள கைமாத்தி அடுத்த அடிய எடுக்க முடியுதான்னு பாரு. முடிஞ்சா அது மாத்து. முடியலன்னா அது இன்னொரு வாத்தியம்.

இன்னொரு வாத்தியம் வேணும்னு ஆசப்படுதது தப்பில்ல, அதுக்கு மாத்துன்னு பேரு வச்சி வீட்ல துட்டு கேக்கதுதான் தப்பு. போன வாரம் சி ட்ரம்பெட்டுன்னு சொன்ன. சிம்பொனிக்காரவுக அதத்தான் நெறைய வச்சிருக்காவ, உண்மதான். அது ஒன்னோடத விட ஒரு முழுச் சுரம் ஒசரம். நம்ம பேண்டு செட்டுல கிளாரினெட்டு பி-பிளாட்டு, யூபோனியம் பி-பிளாட்டு. நீ மட்டும் மனசுக்குள்ள ஒரு சுரம் எறக்கி எறக்கி ஊதிக்கிட்டுத் தெருவுல நடப்பியாக்கும். கணக்குப் பாடத்துல நீ எடுத்த மார்க்கு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின வாரம் கார்னெட்டு. கொழாய் நீளம் அதே பி-பிளாட்டு நீளம்தான், சத்தமும் கொஞ்சம் மெதுவா, கேக்க எதமாத்தான் இருக்கும். ஆனா அது மவுத்பீஸ் தண்டு சின்னது, ஒன் ட்ரம்பெட் மவுத்பீஸ் அதுல போகாது. ஃப்ளூகல் ஹார்ன் அதுக்கும் மேல, மவுத்பீஸ் கிண்ணமே ஆழம் வேற. பாக்கெட் ட்ரம்பெட்டுன்னு கையளவுல ஒண்ணு காட்டுனியே, அத நம்பி பைக்குள்ள போட்டுக்கிடலாம்னு நெனைக்காத. அதுக்குள்ளயும் அதே நாலே முக்கா அடிக்கு மேல கொழாயத்தான் சுருட்டி வச்சிருக்கான். பெல்லு பெரும்பாலும் சின்னது. பஸ்ஸுல கொண்டு போகத் தோது, சப்பரத்துக்கு முன்னால ஊதுனா சப்பரம் தூக்குதவனுக்குக் கூடக் கேக்காது.

எல்லாத்துக்கும் ஏத்ததா ஒண்ணு வேணும்னு ஒத்தக் கால்ல நிக்க. சரி, இருக்கு. ஆனா அது கடையில இல்ல. நடுத்தரக் கொழாய் போட்ட ஒரு சாதாரண பி-பிளாட்டு ட்ரம்பெட்ட எடு. உள்விட்டம் 11.65 மில்லிமீட்டர் பக்கம், அங்குலக் கணக்குல 0.459. இத எம்.எல்.னு சொல்லுவாவ. ஒலகத்துல நெறையப் பேரு இந்த அளவுலதான் ஊதுதான். அதுக்கு மேல பெரிய கொழாயா எடுத்தா சத்தம் அகலமா வரும், மூச்சும் அகலமாப் போகும். மூணு மணி நேரம் ஊர்வலம் போயி வந்தா ஒன்னையச் சப்பரத்துலதான் தூக்கிட்டு வரணும். அந்த ஒரு ட்ரம்பெட்டோட ரெண்டு மவுத்பீஸ் வச்சுக்க. கிண்ணம் ஆழமா உள்ளது ஒண்ணு, துட்டி வீட்டுக்கும் ஞானப்பாட்டுக்கும். கிண்ணம் மேலோட்டமா உள்ளது ஒண்ணு, சினிமாப் பாட்டுல மேல போயி கத்துததுக்கு. விளிம்பு மட்டும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லன்னா உதடு கோச்சுக்கிடும். மேடைக் கச்சேரிக்கு ஒரு மியூட்டு. இதுக்கு மேல எல்லாத்துக்கும் ஏத்தது வேணும்னா ஒன் உதட்டதான் கேக்கணும், அது தெனமும் ஒரு மணி நேரம் கேக்கும். அத எவனும் பொட்டியில போட்டு அனுப்புதது இல்ல, கையுறையோட கூட.

எத வாங்கன்னு கேப்ப. பழசு வாங்கு. ஒனக்குப் புதுசு எதுக்கு, விழுந்தா வயிறு எரியவா? பள்ளிக்கூடப் பயலுவளுக்குன்னு செஞ்ச யமஹா 2330 நல்ல கையில இருந்து வந்தா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம், மொதல்ல கண்ணத் தொறந்து பாத்துட்டு. அதுவும் எம்.எல். கொழாய்தான், பிஸ்டன் மோனல்னு நிக்கலும் செம்பும் சேந்த உலோகம், அவ்வளவு லேசுல அரிக்காது. பாக்கு கம்பெனி மாணவர் ட்ரம்பெட்டும் பழசாக் கெடைக்கும். அந்த வின்சென்ட் பாக்கு ஆஸ்திரியாவுல பொறந்த மனுசன், அவரே ட்ரம்பெட் ஊதுதவரு. நியூயார்க்குல 1918ல மவுத்பீஸ் கடைஞ்சு ஆரம்பிச்சு, 1924லதான் ட்ரம்பெட்டுக்கே வந்தாரு. மொதல்ல வாயி, பொறவு கொழாய். நீ மொதல்ல கலரு.

மீரட்டுச் சாமானையும் எளக்காரமாப் பேசாத. வடக்க உத்தரப் பிரதேசத்துல மீரட்டு, அங்க ஜலி கோட்டின்னு ஒரு தெரு முழுக்க பேண்டு வாத்தியம்தான். நாதிர் அலின்னு ஒரு பேண்டு மாஸ்டரு 1885ல ஆரம்பிச்ச கம்பெனி அந்த ஊர்லதான் இருக்கு. இந்தியாவுல எத்தனையோ கல்யாணத்துக்கு ஊதுன வாத்தியம் அங்க இருந்து வந்ததுதான். கையால செய்யுத வேல, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் வரும். அதனால ஒண்ண எடுத்து ஊதிட்டு வாங்கிட்டு வராத, நாலஞ்ச எடுத்து ஊதிட்டு அதுல ஒண்ண எடு. பிளாஸ்டிக் ட்ரம்பெட்டும் வந்திருக்கு. எடை பாதிக்கும் கம்மி, விழுந்தா நெளியாது, மழையில நனஞ்சாலும் கவல இல்ல. சத்தம் கொஞ்சம் மழுங்கலாத்தான் வரும். சப்பரத்தன்னைக்கு மழ தூறுனா அதுதான் ராசா. மத்த நாளுக்கு ஒன் மவன் ஊதிப் பழகட்டும்.

இப்பக் கவனமாக் கேளு, பொறவு மறந்துட்டேன்னு வந்து நிக்காத. பாக்கப் போகும்போது ஒன் மவுத்பீஸ எடுத்துட்டுப் போ. விக்குதவன் மவுத்பீஸ்ல ஊதுனா நீ அவன் மவுத்பீஸத்தான் வாங்குத. மொதல்ல ஊதாத. மெயின் ஸ்லைட உருவிட்டு, மவுத்பீஸ் சொருகுத கொழாய்க்குள்ள டார்ச்சு அடிச்சுப் பாரு. பித்தளைக்குள்ள செவந்து ரோஸ் கலர்ல புள்ளி புள்ளியா இருந்தா துத்தநாகம் கரைஞ்சு போயிருச்சு, உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டிருக்கு. எச்சியும் ஊதுனவன் தின்ன இனிப்பும் பண்ணுத வேல அது. கொழாய மாத்தலாம், ஆனா அந்தத் துட்ட வெலையில கழிக்கணும். பெல்லு நெளிஞ்சிருந்தா பயப்படாத, கழிச்சுக் கேளு. வளவுல சின்ன அடியும் பரவால்ல. மவுத்பீஸ் பக்கத்துக் கொழாய்ல அடி பட்டிருந்தா யோசி. பிஸ்டன் கூட்டுல அடி பட்டிருந்தா வணக்கம் சொல்லிட்டு வெளிய வா.

அடுத்து பிஸ்டன ஒவ்வொண்ணா உருவு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருக்கும், அதுஅது கூட்டுக்கு அதுஅது. மாத்திப் போட்டா காத்தே போகாது. அப்படி மாத்திப் போட்டுட்டு ட்ரம்பெட் செத்துப் போச்சுன்னு பாதி வெலைக்கு வித்தவனும் உண்டு, அப்படி வித்தத வாங்கி நல்லாச் சோறு தின்னவனும் உண்டு. யாருன்னு கேக்காத. நம்பர் சரின்னா, பிஸ்டன் பக்கவாட்டுல தேஞ்சு கோடு விழுந்திருக்கான்னு பாரு. பொறவு திரும்பப் போட்டுட்டு, எந்தப் பிஸ்டனையும் அமுக்காம ரெண்டாவது ஸ்லைடப் புடுங்கு. டப்புன்னு சத்தம் வரணும். டப்பு வந்தா காத்து ஒழுகல. சும்மா வழுக்கிக்கிட்டு வந்தா எங்கயோ ஒழுகுது. தண்ணி விடுத சாவியில உள்ள தக்கையும் பாரு, அது ஒழுகுனா ட்ரம்பெட்டே சீக்காளி போல மொணங்கும். தக்கை மாத்த ஆவுத துட்டு ஒரு டீ வடைக்குள்ள முடிஞ்சிரும். விக்குதவனுக்கு அது தெரியலன்னா நீயும் சொல்லாத.

இப்ப ஊது. மேல போயி கத்திக் காட்டி அவன மெரட்டாத, எல்லாவனும் அதத்தான் பண்ணுதான். மெதுவா ஊது. மெதுவா ஆரம்பிச்சா வாத்தியம் உடனே பேசுதான்னு பாரு. பொறவு கீழ எறங்கி ஒண்ணும் மூணும் அமுக்கி ஒரு சுரம், மூணையும் அமுக்கி ஒரு சுரம். இது ரெண்டும் எந்த ட்ரம்பெட்டுலயும் கொஞ்சம் ஒசந்துதான் நிக்கும். ஏன்னா மொதப் பிஸ்டன் ஒரு முழுச் சுரம் எறக்கும், ரெண்டாவது அரை, மூணாவது ஒண்ணரை. ஒத்தையா அமுக்குனா கணக்குச் சரி. சேத்து அமுக்கும்போது மொத்தக் கொழாயே நீண்டு போயிருது, அதுக்குத் தக்கன கூட்டுன நீளம் பத்த மாட்டேங்கி. அந்தக் கொறைய நெரவத்தான் மூணாவது ஸ்லைட வெரலால தள்ளுதோம். அது சடார்னு ஓடணும். ஓடாம ஒட்டிக்கிட்டு நின்னா நம்ம செட்டுல நீ ஊதுத அந்தக் கடைசிச் சுரம் மாதிரி இருக்கும், நான் எதுவும் சொல்லல.

பாரிஸ்ல பெரினேன்னு ஒருத்தரு இந்தப் பிஸ்டனுக்கு 1839ல காப்புரிமை வாங்குனாரு. இத்தனை காலமாகியும் அது உள்ள ஒரு மெல்லிய எண்ணெப் பூச்சுலதான் ஓடுது. நீ அதுல தேங்கா எண்ணெ விடுதன்னு கேள்விப்பட்டேன். தல மயிருக்கு நல்லது. 24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிச்சிரும். இப்ப உள்ள மண்டபத்துல ஏசி போட்டு 20ல வச்சிருக்கான். நீ பொண்ணு உள்ள வரும்போது ஊதுவ, ஒன் பிஸ்டன் பந்தி முடிஞ்சி எறங்கும். வால்வு எண்ணெ வாங்கு.

ஏசின்னதும் இன்னொண்ணு. மாத்து ட்ரம்பெட்ட பொட்டிக்குள்ளயே போட்டு ஏசிக்குக் கீழ வச்சிருப்ப. திடீர்னு எடுத்தா குளுந்து கெடக்கும், குளுந்த கொழாய்ல சுருதி எறங்கும். பத்து டிகிரி குளுந்தா ஏறக்குறைய முப்பது சென்ட்டு எறங்கும். அரைச் சுரமே நூறு சென்ட்டுதான். கிளாரினெட்டுக்காரன் மொறச்சுப் பாப்பான், நீ மைக்கு செட்டுக்காரனப் பாப்ப. நடுநடுவுல எடுத்து உள்ள ரெண்டு மூச்சு வெறுங்காத்து விட்டு வை. வாரத்துல ரெண்டு நாளாவது அதையும் ஊது, இல்லன்னா பிஸ்டன் காஞ்சி போயி, தேவப்படுத அன்னைக்கு மாத்துக்கு ஒரு மாத்து தேடுவ.

வெள்ளி முலாமா, லேக்கர் பூச்சான்னு கேட்ட. வெள்ளி கறுக்கும், தொடச்சா திரும்ப வெளுக்கும். லேக்கர் வியர்வ படாமப் பித்தளையக் காக்கும், உரிஞ்சா உரிஞ்சதுதான். ரெண்டுல எது கெடச்சாலும் எடு. கலர் பூச்சு மட்டும் ஏன் வேண்டாம்ங்கேன்னா, அதுக்கு அடியில பத்த வச்ச எடமும் நெளிவு எடுத்த எடமும் கண்ணுக்குத் தெரியாது.

வாங்குன பொறவு கடன் குடுக்காத. மாத்துன்னாலே ஊருக்குப் பொதுன்னு எல்லாவனும் நெனைக்கான். கேட்டா மவுத்பீஸ் சிக்கிக்கிட்டுன்னு சொல்லு. நெசமாவே சிக்கிக்கிட்டா குறடு போட்டுத் திருவாத, கொழாய் முறுக்கிக்கிடும். அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு, ரிப்பேர் பாக்குதவன்கிட்ட கொண்டு போ.

பக்கத்தூர்ல ஒரு பழைய யமஹா இருக்குன்னு சொன்னியே, அதப் போயிப் பாரு. டார்ச்சும் ஒன் மவுத்பீஸும் மறக்காத. போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ. ஊதிப் பாக்கதுக்கு இல்ல, அத நீ பாத்துக்கிடுவ. வெல பேச ஒனக்குத் தெரியாது.